சொட்டு மருந்து கொடுக்கப் போய் அடிபட்டவர்களுக்கு என்ன செய்யலாம்?

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு உதவப் போன அவர்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்கு அடி. ஒருவரை, வீடு வீடாகப் போகும்போது நாய் கடித்துவிட்டது. இன்னொருவர் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவர், கீழே விழுந்து முழங்காலில் அடி. வருகிற ஆகஸ்ட் 15 அன்று இருவருக்கும் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுப்பது என்று குழுவில் முடிவெடுத்திருக்கிறார்கள். "இது போதுமா? வேறு எங்காவது இந்த மாதிரி ஆட்களுக்கு மரியாதை செய்கிறார்களா? அரசாங்கத்தில் இவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?" இதுதான் கேள்வி.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அணைக்கட்டு, ஒடுகத்தூர் மலையடிவாரத்தில்தான் என் சர்வீஸில் பாதிக்கு மேல் போனது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னாடை போடுங்கள் அம்மா, தப்பே இல்லை. ஊர் நடுவில் நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணுக்குக் கைதட்டல் கிடைப்பது சின்ன விஷயம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அதில் எந்த நாள், எந்தத் தெரு, என்ன நடந்தது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், எவ்வளவு செலவானது என்று எழுதி, அடிபட்டவரின் கையெழுத்தையும் பார்த்த இரண்டு பேரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், நான் எழுதாமல் விட்ட ஒன்று இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2000களின் தொடக்கம். பீஞ்சமந்தை மலைக்கு அப்போது ஒழுங்கான சாலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூத்தில் மருந்து கொடுத்து முடித்து, திங்கட்கிழமை விட்டுப்போன குழந்தைகளைத் தேடிக் குக்கிராமங்களுக்கு நடந்து போனோம். என்னோடு ஒரு கிராம சுகாதார செவிலியரும் மலைக்காரப் பெண் ஒருவரும். அந்த மலைக்கார அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அரசு வேலையெல்லாம் இல்லை, தன்னார்வலர். எந்தக் கொல்லையில் யார் வீட்டில் எத்தனை குழந்தை என்று மனப்பாடமாகச் சொல்லுவார். அவர் இல்லாமல் எங்கள் பட்டியல் வெறும் காகிதம்.

மருந்து எடுத்துப் போகும் நீலப் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் பிளாஸ்டிக் பையில் குப்பிகள். வெறும் பெட்டி கனமே இல்லை. ஐஸோடு சேர்த்துத் தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் மலையேறினால்தான் அதன் கனம் தெரியும். அன்றைக்கு எங்கள் பெட்டியின் வார் அறுந்திருந்தது. அந்த அம்மா தன் பழைய புடவையின் கரையைக் கிழித்து முறுக்கிக் கட்டி, தானே தோளில் மாட்டிக்கொண்டார். ஓடையைத் தாண்டும் இடத்தில் பாசி பிடித்த பாறை. வழுக்கிவிட்டது. பெட்டி கீழே படாமல் இருக்க இடது கையை ஊன்றினார். மணிக்கட்டு போன விதத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் முதலில் கத்தியது கைக்காக இல்லை. ஓடையில் போய்விட்ட செருப்புக்காக. புதுசு, ஒடுகத்தூர் சந்தையில் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறதாம். செவிலியரம்மா துண்டை மடித்துக் கழுத்தில் தொட்டில் மாதிரி கட்டிவிட்டார். நான் பெட்டியைத் திறந்து குப்பிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்ல மருந்து. சூடு ஏற ஏறச் சதுரம் கருத்துக்கொண்டே வந்து வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். சதுரம் வெளுப்பாகவே இருந்தது. "மருந்து நல்லா கீதா சார்?" என்றார். இருக்கிறது என்றேன். மீதி இருந்த பதினோரு குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினோம். வழி காட்டிக்கொண்டு அந்த அம்மாவும் கூடவே நடந்தார். அவரை அப்போதே கீழே அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று இரவு டாலி ஷீட்டை, அதாவது அன்றைய கணக்குத் தாளை, நிரப்பினேன். பெற்ற குப்பிகள், பயன்படுத்தியவை, வீணானவை, மீதி, பூட்டிய வீடுகள், மறுத்த வீடுகள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. சுண்ணக்கட்டியால் எத்தனை கதவில் 'பி' (எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று) போட்டோம், எத்தனை கதவில் 'எக்ஸ்' (மறுபடி வர வேண்டும்) போட்டோம் என்பதற்குக்கூடக் கணக்கு இருந்தது. மருந்து கொடுத்தவரின் கை உடைந்ததை எழுத நான் நிரப்பிய எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. ஓரத்திலாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அந்த அம்மா மறுநாள் நம்ம ஊர் வழக்கப்படி புத்தூர் கட்டுக்குப் போய்விட்டார். வடாற்காட்டில் எலும்பு முறிந்தால் பாதிப் பேருக்கு ஆந்திரப் பக்கம் புத்தூர்தானே ஞாபகம் வரும்? போக வர பஸ், துணைக்கு ஒரு ஆள், மூன்று முறை கட்டு மாற்றியது, எல்லாம் கடன். நாலு மாதம் கழித்து ஒரு சேவைச் சங்கம் விழா எடுத்தது. பொன்னாடை, கேடயம், ஒரு எவர்சில்வர் குடம். குடத்தை வாங்க அவரால் கை நீட்ட முடியவில்லை, வீட்டுக்காரர் மேடையேறி வாங்கிக்கொண்டார். கீழே இறங்கியதும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "புத்தூர் போன காசு யாரனா குடுப்பாங்களா சார்?"

கேட்டுப் பார்த்தேன். முதல் கேள்வியே, அரசு ஆஸ்பத்திரியில் காட்டினதுக்கு ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) இருக்கா? இல்லை. பணியின்போது நடந்தது என்பதற்கு எழுத்தில் ஏதாவது? இல்லை. அதை எழுதியிருக்க வேண்டியவன் நான். ஒரு ரூபாய் வரவில்லை.

அதனால்தான் நோட்டுப் புத்தகம் என்கிறேன்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. உலகத்தில் இப்படி மரியாதை செய்கிறார்களா? செய்கிறார்கள். நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2022 பிப்ரவரி 24. ஆப்கானிஸ்தானின் வடக்கே தகார், குந்தூஸ் என்று இரண்டு மாகாணங்கள். போலியோ சொட்டு மருந்து முகாம் நடந்துகொண்டிருந்தது. தகாரில் ஒருவர், குந்தூஸில் ஏழு பேர், ஆக எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாம் ஒரே நாளில், தனித்தனி இடங்களில். எட்டில் நான்கு பேர் பெண்கள். வீடு வீடாகப் போனவர்கள், பயணிகளின் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வழியில் நின்றவர், வீட்டாரிடம் பேசிச் சம்மதிக்க வைக்கும் வேலை பார்த்தவர். நம் ஊர் முகாமில் யார் யார் என்னென்ன செய்கிறோமோ அதே ஆட்கள்தான். அங்கே 2018 முதல் பல பகுதிகளில் வீட்டுக்கு வீடு போய்க் கொடுப்பதற்குத் தடை இருந்தது. 2021 நவம்பரில்தான் நாடு முழுக்க முகாம் மறுபடி தொடங்கியிருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பிப்ரவரி 24 அன்றுதான் உக்ரைன் போர் தொடங்கியது. உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட, எட்டுப் பேர் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து, மே 22 அன்று, ஜெனீவாவில் 75ஆவது உலக சுகாதாரப் பேரவை தொடங்கிய நாளில், உலக சுகாதார நிறுவனம் தன் தலைமை இயக்குநரின் பெயரில் ஆறு விருதுகளை அறிவித்தது. ஒன்று இந்த எட்டுப் பேருக்கு. அதே பட்டியலில் இன்னொன்று இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு, அதாவது தங்கள் ஊரிலேயே சுகாதார வேலை பார்க்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சேர்த்து. தமிழ்நாட்டில் கிராமப்புறம் முழுக்கக் கிராம சுகாதார செவிலியர்கள் இருப்பதால், ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் பகுதிகளிலும்தான். நம் ஜவ்வாது மலையில் இருக்கிற ஆஷாவும் குந்தூஸில் செத்துப்போன பெண்ணும் ஒரே தாளில், ஒரே நாளில் மரியாதை பெற்றவர்கள். விழாவில் பேச யாராவது தலைவரைக் கூப்பிட்டிருந்தால் இதை அவரிடம் சொல்லி வையுங்கள். வழக்கமான பேச்சைவிட நன்றாக இருக்கும்.

அந்த விருதுக்குப் பிறகும் ஆஷாக்கள் கேட்டது சம்பளத்தைத்தான் என்பதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கிடைப்பது மாதச் சம்பளம் இல்லை, வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகை.

பாகிஸ்தான் கதை எல்லாரும் கேள்விப்பட்டதுதான். 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டதில் தொடங்கி, அவர்களுக்குக் காவலாகப் போன போலீஸ்காரர்களையும் சேர்த்தால் நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2011இல் பின்லேடனைத் தேடியபோது அமெரிக்க உளவுத்துறை அப்போட்டாபாத்தில் ஒரு உள்ளூர் டாக்டரை வைத்து மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் வேவு பார்த்தது. அது வெளியே வந்ததும் பெட்டியோடு கதவைத் தட்டும் ஒவ்வொரு பெண்மீதும் சந்தேகம் விழுந்தது. இனிமேல் தடுப்பூசியை வேவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் எழுதிக் கொடுத்தது. எங்கோ அறையில் உட்கார்ந்து ஒருவர் போட்ட திட்டத்துக்குத் தெருவில் நடந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

நம் பக்கம் துப்பாக்கி இல்லை. அதனாலேயே, இங்கே அடிபட்டவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் கண்ணால் பார்த்தவை நாய்க்கடி, வண்டியில் விழுந்தது, மாடு முட்டியது, வெயிலில் மயங்கியது (வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்), கொரோனா காலத்தில் தடுப்பூசிக்கு டோக்கன் தீர்ந்துவிட்டது என்றதற்குச் சட்டையைப் பிடித்தது. அப்புறம் திட்டு. திட்டு ஒரு காயமா என்று கேட்காதீர்கள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கும். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும். நாட்டிலேயே முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாட்ஸாப்பில் வதந்தி பறந்தது. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, வெளிநாட்டுச் சதி என்று என்னென்னவோ. குறித்த நாளில் முடிக்க முடியாமல் மார்ச்சுக்கு நீட்டித்தார்கள். அந்த மாதம் எங்கள் தன்னார்வலர் பெண் ஒருவரை, நன்றாகப் படித்த பெற்றோர், கார் வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூட வாசலில் நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத முடியாது. "உனக்கு எவ்வளவு கமிஷன்?" என்பது அதில் மரியாதையான கேள்வி. அதே வாரம் பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு ஜமாத்தில் பெரியவர் ஒருவர் தொழுகை முடிந்து ஒலிபெருக்கியில் அறிவித்து, தன் பேரனைத்தான் முதலில் கொண்டுவந்து உட்காரவைத்தார். மறுப்பு எங்கிருந்து வரும் என்று ஆளின் தெருவைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பயம் எல்லாமே பொய்யிலிருந்து வருவதும் இல்லை. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதையே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த ஒரு தாய் கதவைச் சாத்தினால், அவளை எதிரியாகப் பார்க்க எனக்கு மனம் வராது. என் அப்பாவைப் பெற்ற ஆயா, பெரியம்மை குத்த வந்தவர் மேல் சாணித் தண்ணீரை ஊற்றியவள். "ஆத்தா வந்திருக்கிற வீட்டுல ஊசியா?" என்று கேட்டாளாம். வேப்பிலை கட்டிய வாசல் அது. அவருடைய வேட்டியைத் துவைத்துக் கொடுத்து அனுப்பியதும் அவள்தான். கடைசியில் குத்திக்கொண்டாளா என்றால், கொண்டாள். தழும்பை நான் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம். சாணித் தண்ணீர் பட்ட அந்த மனிதர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு விஷயம் வேலூர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். வருடா வருடம் குறிப்பிட்ட நாளில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வீச்சில் சொட்டு மருந்து கொடுத்தால் போலியோவை அடக்கலாம் என்று நம் வேலூர் நகரத்திலேயே செய்து பார்த்தார்கள். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் அந்த முடிவுகளை 1983இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். வழக்கமான மூன்று தவணைச் சொட்டு மருந்து நம் ஊர்க் குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதையும் அவர்தான் விடாமல் சொல்லிவந்தார். நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ 1995 டிசம்பரில் வந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தில் ஹௌரா பக்கம். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழ் வந்தது.

ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் என்றால், சம்பளக்காரர்களை மட்டும் வைத்துச் செய்யவே முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு செவிலியருக்கு எத்தனை கிராமம்? அங்கன்வாடி ஆயா, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், சத்துணவு அமைப்பாளர், உங்கள் குழுவைப் போன்ற பெண்கள், இவர்கள் நின்றதால்தான் அது நடந்தது. தேசிய அளவில் ஒரு சுற்றுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். திட்டத்தின் முதுகெலும்பே சம்பளம் வாங்காதவர்கள். அடிபட்டால் என்ன செய்வது என்பது மட்டும் சம்பளக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அங்கேதான் இடிக்கிறது.

இனி மூன்றாவது கேள்வி, காசு, சட்டம்.

நாய்க்கடியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பெண் நான்கு ஊசியும் போட்டு முடித்தாரா என்று இன்றைக்கே கேளுங்கள். கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். கடைசி ஊசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அடுத்த முகாமுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் சொல்லி வையுங்கள்: கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக்கூடாது. ஆழமான கடி என்றால் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் இன்னொரு மருந்து) தேவைப்படும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வண்டியில் விழுந்தவருக்கு: சாலை விபத்தென்றால், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. இது எல்லாருக்கும் பொது, தன்னார்வலர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்து பல நாள் ஆகிவிட்டதென்றால் இது உதவாது. ஆனாலும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் ஏ.ஆர். காப்பியை இப்போதாவது கேட்டு வாங்குங்கள். யாராவது அடித்தோ தள்ளியோ விழுந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். இந்த இரண்டு தாளும் இல்லாமல் எந்த ஜன்னலுக்குப் போனாலும் என் கதைதான்.

இன்ஷூரன்ஸ். பிரதமரின் சுரக்ஷா பீமா என்று வங்கியில் இருக்கிறதே, வருடத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தாலோ இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் போனாலோ 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். கால் உடைந்து தேறினால் ஒன்றும் கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாம்புக்கடி, விழுந்தது மாதிரி விஷயங்களுக்கு ஆஸ்பத்திரிப் பதிவுதான் ஆதாரம். மறுபடியும் தாள்! ஆஷாக்களை 2018இலிருந்து அரசே இதில் சேர்த்துவிடுகிறது. உங்கள் ஊரின் மற்ற தன்னார்வலர்களை யாரும் சேர்ப்பதில்லை. ஒரு கேடயத்தின் விலையில் இருபது பேருக்கு ஒரு வருடப் பிரீமியம் கட்டலாம். கேடயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் சின்னதாக அடிக்கச் சொல்லுங்கள்.

இதிலும் அடங்காத சின்னக் காயங்களுக்கு உங்கள் குழுவே சிறு நிதி வைக்கலாம். உள்கடன் கொடுத்து வாங்கிப் பழகிய கைகள்தானே? முகாமுக்குப் போய் அடிபட்டால் வேலைக்குப் போகாத நாட்களுக்கு நூறுநாள் வேலைக் கூலி அளவாவது கொடுப்பது என்று தீர்மானம் போட்டுவிட்டால், அடுத்த முகாமுக்கு ஆள் தேட வேண்டியிருக்காது. விழுந்தவர் வாங்க வேண்டிய கடனைக் குறைப்பதும் மரியாதைதான்.

சட்டம் என்று பார்த்தால், கொரோனா சமயத்தில் பழைய தொற்றுநோய்ச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். சமுதாய சுகாதாரப் பணியாளர்களையும் சேர்த்து, தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை, படுகாயம் என்றால் ஆறு மாதம் முதல் ஏழு வருடம் வரை சிறை. ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு. அந்தச் சமயத்தில் வந்த 50 லட்ச ரூபாய்க் காப்பீடும் கொரோனாவில் அல்லது கொரோனாப் பணியின்போது விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு. பிழைத்தவருக்கு இல்லை. நம் மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்க 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. செவிலியரைப் பணி செய்யவிடாமல் அடித்தால் அரசு ஊழியரைத் தாக்கிய பிரிவு பாயும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 353, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 132. தன்னார்வலர் என்றால் "இவர் அரசு ஊழியரா?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்த பணி ஆணை, அடையாள அட்டை, பயிற்சியில் போட்ட கையெழுத்து ஆகியவற்றின் நகலை முகாமுக்கு முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வழியாக "நாளைக்கு வந்துடும்மா" என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது ஆகஸ்ட் 15க்கு வருகிறேன். நல்ல நாளைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அன்றைக்குக் கிராம சபை. உங்கள் விழாவுக்கு முன்னால் கிராம சபையில் எழுந்து, இன்னின்ன நாளில் நம் ஊராட்சியில் சொட்டு மருந்துப் பணியில் இவர்கள் காயமடைந்தார்கள், இந்தச் சபை அதைப் பதிவு செய்து நன்றி தெரிவிக்கிறது என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது அரசுப் பதிவு. நகல் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பத்து வருடம் கழித்தும் அதே வரி இருக்கும். பொன்னாடை அதற்குள் தலையணை உறையாகிவிட்டிருக்கும் (எங்கள் வீட்டில் ஆகிவிட்டது). நாலு வரி போதும். தலைவர் தயங்கினால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போங்கள்.

மேடையில் ஒன்றிரண்டு விஷயம். நாய் யாருடையது என்று மைக்கில் சொல்லாதீர்கள். அந்த வீட்டிலும் ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கலாம், அடுத்த முறையும் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். முடிந்தால் அந்த வீட்டுக்காரரையே கூப்பிட்டுப் பொன்னாடையைப் போர்த்தச் சொல்லுங்கள். வருவார்களா தெரியாது, கூப்பிட்டுப் பார்க்கலாம். அடிபட்ட பெண்களிடம் முதலில் சம்மதம் கேளுங்கள். சிலருக்கு மேடை பிடிக்காது. சிலருக்குப் "போய் அடிபட்டுக்கினு வந்தியா?" என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருக்கும். அப்படியென்றால் வீட்டாரையும் சேர்த்து உட்காரவையுங்கள். காயத்தைக் காட்டச் சொல்லி போட்டோ எடுக்காதீர்கள். அவர்களைப் பேச விடுங்கள், ஆனால் எழுதிக் கொடுத்துப் படிக்க வைக்காதீர்கள். கூட்டிப் போன ஆட்டோக்காரர், தண்ணீர் கொடுத்த வீட்டுக்காரர் பெயரையும் சொல்லுங்கள்.

கேடயம் அடிக்கக் கொடுக்கும்போது பெயரை அவர்கள் கையாலேயே, இனிஷியலோடு, ஒரு தாளில் எழுதி வாங்கிக் கடையில் கொடுங்கள். அப்பா இனிஷியலா, வீட்டுக்காரர் இனிஷியலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் மலைக்கார அம்மாவின் கேடயத்தில் அன்றைக்கு யாரோ அவசரத்தில் சொன்ன பெயர்தான் அச்சாகியிருந்தது. அது அவர் தங்கச்சி பெயர்.